கசத்து மீனுக்குப் பத்தியம்

ஜக்கையன் சபதம் செய்தபோது அவன் வாயில் மீன் இருந்தது. துப்புவதா முழுங்குவதா என்று கொஞ்ச நேரம் தடுமாறினான். ருசியாக இருந்தபடியால் முழுங்கிவிட்டு மேற்கொண்டு பேசினான்.

"இதோட சரி. இனி என் கையால, என் தூண்டில்ல, இதைவிடப் பெரிய மீனு புடிக்கிறவரைக்கும் என் வீட்டு அடுப்புல மீனு வேகக்கூடாது. என் தொண்டையிலயும் எறங்கக்கூடாது."

போடிநாயக்கனூருக்கு ரயில் எட்டிப் பார்க்காத காலம் அது. மலை உச்சியிலிருந்து தேயிலைப் பெட்டி கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். ஏலக்காய் மட்டும் கௌரவமாக மாட்டு முதுகில் ஏறி, குரங்கணி வழியாகப் போடிக்கு வந்து சேரும். அந்தப் பொதிமாடுகளை ஓட்டி வருகிறவன் கன்னையன். வந்த ஏலக்காயை மண்டியில் சல்லடை போட்டுப் பெரிசு சிறிசு பிரிக்கிறவன் ஜக்கையன். கன்னையன் கட்டியது முத்துப்பேச்சியை. ஜக்கையன் கட்டியது அவள் தங்கச்சி வீரலட்சுமியை. இந்தச் சகலைகள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு புளியமரம்.

அன்றைக்குக் கன்னையன் மூன்று சாண் நீளத்தில் ஒரு கெண்டை கொண்டுவந்திருந்தான். முத்துப்பேச்சி குழம்பு வைத்து, தங்கச்சியையும் புருஷனையும் சாப்பிடக் கூப்பிட்டாள். வந்த வீரலட்சுமி நடுத்துண்டை வாயில் வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள்.

"மச்சான் கைக்கு மீனு தானா வருதுக்கா."

ஜக்கையனின் கை இலையிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுச் சேவல் தன் வீட்டுச் சேவலுக்கு முந்திக் கூவினால் அன்று முழுக்கச் சோறு இறங்காத மனுஷன் அவன். ஏலக்காயைத் தனக்கு முன்னால் மோந்துவிடுகிறதே என்று பொதிமாட்டைக்கூட முறைக்கிறவன். அப்படிப்பட்டவன் காதில், சொந்தப் பொண்டாட்டி வாயால், சகலையின் கையைப் பற்றி இப்படி ஒரு பாராட்டு விழுந்தால் என்ன ஆகும்?

"அப்ப என் கைக்கு என்ன வருது?"

"உங்க கைக்கு ஏலக்கா வாசம் வருதுல்ல மாமா" என்றாள் வீரலட்சுமி.

அது குத்தல். மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. சல்லடைக்குக் கீழே விழுகிற வெடித்த காய், உடைசல் எல்லாம் சல்லடைக்காரனுக்கே சொந்தம். சனிக்கிழமைதோறும் ஒரு கைப்பிடி துணியில் முடிந்து கொடுத்துவிடுவார்கள். பத்து வருஷத்துக் கைப்பிடிகளையும் ஜக்கையன் ஒரு வேம்பலகைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டியிருந்தான். வாரம் ஒருமுறை திறப்பான், மோப்பான், பூட்டுவான். பாயாசத்துக்கு இரண்டு காய் கொண்டா என்று வீரலட்சுமி கேட்டால் கையை நீட்டுவான். "இந்தா, மோந்துக்க. ஒரு செம்பு பாயாசம் குடிச்ச மாதிரி இருக்கும்."

உறியில் தொங்கிய நெய்க்கும் அதே கதிதான். எருமை கறந்தது, அவள் கடைந்தது, அவன் பார்த்துக்கொண்டே இருந்தது.

"நான் பெரிய மீனாப் புடிச்சுட்டா," என்றான் ஜக்கையன், "இதே எடத்துல, உங்க அக்கா முன்னால, இந்த மனுசன் முன்னால, 'என் புருசன் கைக்கு ஈடு இந்த ஊர்ல இல்லை'ன்னு நீ ஒருவாட்டி சொல்லணும்."

"சொல்றேன்."

"ஐப்பசி மழைக்கு ஆறு பெருகுறதுக்குள்ள புடிச்சுக் காட்டுறேன்."

"புடிக்கலைன்னா?"

"ஆயுசுக்கும் எனக்கு மீனு வேணாம்."

கன்னையன் பாவம், நல்ல மனுஷன். "சகலை, அந்தத் தலையையாவது தின்னுபுட்டுச் சபதத்தை வச்சிருக்கலாம்" என்றான் நிஜமான வருத்தத்தோடு. அந்த வருத்தம்தான் ஜக்கையனுக்கு இன்னும் எரிந்தது.

*

குரங்கணிப் பாதையில் ஆறு ஒரு பாறையைச் சுற்றி வளைகிற இடத்தில் ஒரு கசம் உண்டு. ஆள் ஒன்றரை ஆழம். கோடையிலும் வற்றாது. விடியற்காலையில் ஜக்கையன் அங்கே போய் உட்காருவான். பொழுது ஏறினதும் மண்டிக்குப் போய்விடுவான். உச்சிப்பொழுதுக்கு மலையிலிருந்து இறங்கும் கன்னையன், மாடுகள் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் அதே கசத்தில் ஒரு மண்புழுவைக் கோத்துப் போடுவான். மாடு குடித்து முடிப்பதற்குள் மீன் வந்துவிடும். அதை நாணலில் கோத்து, முன்னால் போகிற மாட்டின் கொம்பில் தொங்கவிட்டு, மண்டித் தெரு வழியாகவே ஊருக்குள் வருவான். சல்லடையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஜக்கையன் முன்னால் அந்த மீன் வாலை ஆட்டிக்கொண்டு போகும்.

முதல் வாரம் ஜக்கையனும் மண்புழுதான் போட்டான். விரல் நீளப் பொடிசுகள் இரண்டு வந்தன. கௌரவத்தை விட்டுச் சகலையிடமே கேட்டான்.

"சகலை, எதைப் போட்டு இழுக்குறீக?"

"மண்புழுதான்."

"புழு சரி. புழுவுல என்ன தடவுறீக?"

"மண்ணு."

பொறாமைக்காரனிடம் உண்மையைச் சொல்வதைப் போல வீண் வேலை உலகத்தில் இல்லை. ஜக்கையன் இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். மண்டிக்கு வருகிற வியாபாரி முதலில் காயைப் பார்ப்பதில்லை, மூக்கைத்தான் நீட்டுகிறான். மீனும் அப்படித்தான் இருக்க வேண்டும். வாசனைக்கு மயங்காத மீன் தண்ணீரில் உண்டா? அன்று மாலை, பத்து வருஷத்தில் முதல் தடவையாக, மோப்பதற்கு அல்லாமல் எடுப்பதற்கென்று அந்தப் பெட்டி திறந்தது.

"ஏ வீரு. கேப்பை மாவு நாலு கைப்பிடி எடு. கடலைப் புண்ணாக்கு இடிச்சுப் போடு. கருப்பட்டி சீவு. நெய்யை எறக்கு."

வீரலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "யாருக்குச் சீமந்தம்?"

"மீனுக்கு இரை."

"நெய்யா?"

"நெய்தான்."

"ஏலக்காயா?"

"ஒரு கைப்பிடி."

"ஏன் மாமா, நான் தலைச்சூல் பிடிச்சு வாந்தியா எடுத்துக் கெடந்தேன். ஒரு ஏலக்கா வாயில போட்டீங்களா? ஆத்துல கெடக்குற செதிலுக்கு ஒரு கைப்பிடியா?"

"நீ எங்க போயிறப் போற? வீட்டுலதான இருக்க. மீனு வரணும்ல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிசைய உட்கார்ந்தாள். நடுவில் எழுந்துபோய், வெதுவெதுப்பாக ஒரு கரண்டிப் பால் கொண்டுவந்து ஊற்றினாள்.

"பாலு எதுக்கு?"

"மெதுவா இருக்கும். மீனுக்குப் பல்லு இல்லைல்ல."

ஜக்கையனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் வெற்றியில் இவளுக்கும் அக்கறை வந்துவிட்டது என்று நினைத்தான். சொல்லப் போகிற வார்த்தையை இப்போதே மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறாளோ என்றுகூட நினைத்தான்.

*

அந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டபிறகு நடந்ததைச் சொல்கிறேன், நம்புகிறவர்கள் நம்புங்கள். நாலாம் நாளே மீன்கள் விடியும் முன்னால் கரையோரம் வந்து வரிசையாகக் காத்திருந்தன. கூட்டம் சேரட்டும் என்று ஜக்கையன் முதலில் பத்து உருண்டையைச் சும்மா வீசுவான். பதினோராவதை முள்ளில் குத்தி விடுவான். தக்கை லேசாக ஆடும். இழுப்பான். முள் கழுவிவிட்ட மாதிரி வெறுமையாக வரும்.

"தின்னுருச்சு" என்பான் சந்தோஷமாக. "ருசி புடிச்சுருச்சு. நாளைக்கி முள்ளையும் சேத்து முழுங்கும்."

மறுநாள் இன்னும் கொஞ்சம் நெய் ஏறும். வீரலட்சுமியும் இன்னும் ஒரு கரண்டிப் பால் ஏற்றுவாள். முள் மறுபடியும் வெறுமையாக வரும்.

ஆடி போய் ஆவணி வந்தது. மீன்கள் பெருத்தன. வயிறு உப்பி, கழுத்துக்கும் வாலுக்கும் வித்தியாசம் தெரியாமல், தலையணைக்குச் செதில் ஒட்டின மாதிரி ஆகிவிட்டன. தலைக்கு மேல் ஈசல் பறந்தாலும் துள்ளுவதில்லை. பாறையில் பாசியைக் கொறிப்பதில்லை. சாப்பிட்டதும் மண்டி முதலாளிகள் மாதிரி ஒருக்களித்துக் கிடந்தன. கசத்தில் தண்ணீர் மொண்டு குடித்த வழிப்போக்கன் ஒருத்தன், "யார் வீட்டு விசேசம்?" என்று கேட்டதாகவும் பேச்சு.

ஆனால் உச்சிப்பொழுதில் மட்டும், இனிப்பு தின்று நாக்குச் செத்த மீன்கள், கன்னையனின் மண்புழுவுக்குப் பாய்ந்து வந்தன. நாலு நாள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவன் பழைய சோற்றுக்கும் மிளகாய்க்கும் பறப்பானே, அந்த மாதிரி. மாட்டுக் கொம்பில் தொங்குகிற மீன் வாரத்துக்கு வாரம் நீண்டது. மண்டித் தெருவில் ஜக்கையனின் சல்லடை வாரத்துக்கு வாரம் வேகமாக ஆடியது. அந்த வேகத்தில் பெரிய காய்கூடச் சிறிசோடு விழுந்து முதலாளியிடம் திட்டு வாங்கினான்.

"புழுவைப் போட்டு அம்புட்டுப் பெருசு வருதுன்னா அதுல ஏதோ மந்திரம் இருக்கு" என்று புலம்பினான் வீட்டில்.

"மச்சான் பூர்வ சென்மத்துல கொக்கா இருந்திருப்பாரு" என்றாள் வீரலட்சுமி, கன்னத்தில் ஒரு மினுமினுப்போடு. அந்த மினுமினுப்பு எங்கிருந்து வந்தது என்று அவன் யோசித்திருக்க வேண்டும். ரவிக்கைத் தையலை அவள் அந்த மாசம் இரண்டு தடவை பிரித்து விட்டதையாவது கவனித்திருக்க வேண்டும். சகலையின் மீனை அளந்த கண்ணுக்கு வேறெதையும் அளக்க நேரமில்லை.

*

புரட்டாசியில் தண்ணீர் குறைந்தது. தின்றது போக மிச்சமான மாவு கசத்தின் அடியில் படிந்து புளித்து, ஒரு வாடை கிளம்பியது. ஒருநாள் விடியலில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. அதில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, கையால் அள்ளுகிற மாதிரி மிதந்தது. இரண்டரைச் சாண் இருக்கும். கையால் அள்ளியது சபதத்தில் சேராது. ஆனாலும் ஜக்கையனுக்குப் பதறிவிட்டது. இவ்வளவு நெய்யையும் தின்றுவிட்டு, தூண்டிலில் விழாமலே செத்துப்போவதா?

ஈரத் துண்டில் சுற்றி வீட்டுக்கு ஓடிவந்தான்.

"தவசியண்ணன்கிட்டக் காட்டுங்க" என்றாள் வீரலட்சுமி உடனே. "மாட்டுக்குப் பாக்குறவருக்கு மீனு என்ன பெரிய விசயம்? வெரசாப் போங்க."

மாட்டு வைத்தியர் தவசி, துண்டைப் பிரித்துப் பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். ஒருமுறை மீனையும் ஒருமுறை ஜக்கையனையும் பார்த்தார்.

"தெனம் விடியக்காலை நெய்யி போடுறயோ?"

ஜக்கையன் வாய் பிளந்தான். "நாடி புடிக்காமலே எப்பிடிண்ணே?"

"மீனுக்கு நாடி எங்க இருக்கு? எல்லாம் வைத்தியன் மூக்குலதான் இருக்கு. கருப்பட்டியும் உண்டுல்ல?"

"உண்டு."

அதற்குள் மீன் கடைசி மூச்சை விட்டுவிட்டது. தவசி கத்தியை எடுத்து வயிற்றைக் கீறினார். "பாரு. ஈரல் செவப்பா இருக்கணும். இது வெண்ணெயாட்டம் வெளுத்துக் கெடக்கு. கொடலைச் சுத்திக் கொழுப்பு. உக்காந்து திங்கிறவனுக்கு வர்ற நோவு இது. நான் மண்டித் தெருவுல ஏழு பேருக்குப் பாத்திருக்கேன்."

"நீங்க மாட்டுக்குத்தான பாப்பீங்க?"

"அவுகளும் மாத்தி மாத்தி அசைதான போடுறாக."

"இதுக்கு என்னண்ணே வழி?"

"பத்தியம். நெய்யி கூடாது, கருப்பட்டி கூடாது, பாலு கூடாது. பதினஞ்சு நாளைக்கிச் சுக்கும் ஓமமும் தட்டி, வேப்பங்கொழுந்து சேத்து, தவிட்டுல பொடி உருண்டையா உருட்டிப் போடு. ரெண்டே ரெண்டு உருண்டை. அடியில கெடக்குற புளிச்ச மாவை வாரி வெளிய கொட்டு. மீனுக்கு மூச்சு முட்டுது. பெறகு பட்டினி போடு. அது தானா அலைஞ்சு பூச்சி புடிச்சுத் தின்னட்டும். ஒடம்பு எறுகும்."

"எறுகுனா தூண்டிலுக்கு வருமா?"

"பசிச்சா எதுக்குத்தான் வராது?" என்று சொல்லிவிட்டு, செத்த மீனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். வைத்தியக் கூலி.

வீட்டில் ஜக்கையன் சுக்குத் தட்டிக்கொண்டிருந்தபோது வீரலட்சுமி கதவில் சாய்ந்து பார்த்தாள்.

"ஒரு மாசமா எனக்கு வயித்துப் பொருமல்னு சொல்றேன். ஒரு துண்டுச் சுக்குத் தட்டித் தந்தீங்களா?"

"நீ அம்புட்டுத் தின்னா பொருமத்தான் செய்யும்."

சொன்னவன் பாதி விளங்காமலே சொன்னான். கேட்டவள் முகத்தைச் சட்டென்று அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பதினைந்து நாளும் ஜக்கையன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, கூடையால் புளித்த மாவை வாரினான். மீன்களுக்கு வேளை தவறாமல் மருந்து போட்டான். "தின்னுரு அப்பு, ஒடம்புக்கு நல்லது" என்று கெஞ்சினான். கட்டின நாளிலிருந்து இப்படி ஒரு குரலை வீரலட்சுமி கேட்டதில்லை. கசத்துக் கரையில் துணி துவைக்கப் போன பெண்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டாள்.

மீன்கள் தேறின. வயிறு வற்றியது. செதிலில் வெள்ளி ஏறியது. ஈசலுக்கு முழ உயரம் துள்ளின. ஆனால் நெய் உருண்டையில் பழகின அந்த மூக்குகளுக்கு ஜக்கையனின் தவிட்டு உருண்டை பட்டதுமே மருந்து ஞாபகம் வந்துவிடும். அவன் நிழல் பாறையில் விழுந்தாலே ஆழத்துக்கு ஓடின.

மாட்டுக் கொம்பில் மட்டும் இப்போது நாலு சாண் தொங்கியது.

*

ஐப்பசி முதல் மழை ஒரு நண்பகலில் பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் ஏலக்காயைச் சலிக்க முடியாது என்று மண்டியைச் சாத்திவிட்டார்கள். ஆற்றில் செந்தண்ணீர் வந்துவிட்டது என்று மலையிலிருந்து இறங்கினவர்கள் சொன்னார்கள். சபதம் முடிந்தது. ஆயுசுக்கும் மீன் இல்லை. அதுகூடப் போகட்டும். அந்த ஒரு வார்த்தையை இனி அவள் சொல்லப் போவதில்லை.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். வீட்டில் வீரலட்சுமி இல்லை. ஆனால் ஒரு வாசனை இருந்தது. பெட்டியைத் திறந்த வாசனை. சாவி அரைஞாணில்தான் இருந்தது. பெட்டியோ என்றைக்கோ காலி. மோந்தபடியே நடந்தான். வாசனை அவனைப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனது.

கன்னையன் வீட்டு முற்றத்தில் மூன்று இலை. கன்னையன், முத்துப்பேச்சி, நடுவில் வீரலட்சுமி. அவள் இலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நடுத்துண்டு. அதிலிருந்து புளி வாசத்தை முந்திக்கொண்டு ஏலக்காய் மணந்தது.

"வாங்க சகலை" என்றான் கன்னையன். மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் இலையைப் பார்த்தான்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க சபதம் போட்ட மறுநாள்லருந்து" என்றாள் வீரலட்சுமி, முள்ளை எடுத்தபடி. "நம்ம வீட்டு அடுப்புல வேகக்கூடாதுன்னுதான சொன்னீங்க. இது அக்கா வீட்டு அடுப்பு."

"அந்தப் பாலு?"

"உருண்டை முள்ளுல நின்னா ஒரு மீனு மாட்டும். கரைஞ்சுட்டா எல்லா மீனும் திங்கும்ல."

ஜக்கையன் இலைக்குக் கிட்டே வந்தான். "அப்ப தவசி?"

"அதுவா" என்றாள் முத்துப்பேச்சி. "ஆவணிக் கடைசியில மீனு ஒரே நெய்யாப் போச்சு தம்பி. திகட்டிருச்சு. இவளுக்கு வயித்துப் பொருமல் வேற. அதான் நீங்க மீனைத் தூக்கிட்டுப் போறதுக்கு முந்துன நாளே, மீனுக்குப் பத்தியம் சொல்லச் சொல்லித் தவசியண்ணன்கிட்ட இவளை அனுப்புனேன்."

"பத்து வருசமா ரெண்டே ரெண்டு ஏலக்கா கேட்டேன்" என்றாள் வீரலட்சுமி. குரலில் கோபம்கூட இல்லை. "கையை மோந்துக்கன்னீங்க. நான் கேட்டா அந்தப் பெட்டி தெறக்காது. மச்சான் பேரைச் சொன்னா தெறக்கும்னு ஒருநாள் தோணுச்சு. சொல்லிப் பாத்தேன்."

நெய் போனது, ஏலக்காய் போனது, ஐப்பசி வந்தது. எல்லாவற்றையும் விட, இத்தனை நாள் தன் கையால் ஊட்டி வளர்த்த மீன் சகலையின் புழுவுக்குப் போனதே என்றுதான் ஜக்கையனுக்கு எரிந்தது. அந்தப் பொறாமையில்கூட அவனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

"அந்த வார்த்தை" என்றான் மெல்ல.

வீரலட்சுமி எழுந்து, கையைக் கழுவி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அக்காவும் மச்சானும் கேட்கத் தெளிவாகச் சொன்னாள்:

"என் புருசன் கைக்கு ஈடு இந்த ஊர்ல இல்லை. மீனைப் புடிக்க ஆயிரம் பேரு இருக்காக. மருந்து கொடுத்து வளக்க யாரு இருக்கா?"

கன்னையன் நிஜமாகவே தலையை ஆட்டினான். ஜக்கையனுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான். கேட்டாகிவிட்டது. மெதுவாக உட்கார்ந்து, நாலாவது இலைக்காகக் கையை நீட்டினான்.

இலை வந்தது. அதில் சோறும் மோரும் ஒரு சுட்ட மிளகாயும் வந்தன.

"சபதம் இருக்குல்ல மாமா" என்றாள் வீரலட்சுமி, தன் இலையில் உட்கார்ந்தபடி. நடுத்துண்டைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணைப் பாதி மூடி, கொஞ்சம் யோசித்தாள்.

"மீனு லேசா எளச்சாப்புல இருக்கு. பத்தியம் போதும்னு தவசியண்ணே சொல்லச் சொன்னாரு. தண்ணி வடிஞ்சதும் நெய்யை ஆரம்பிச்சுருங்க."